ஊட்டி தாவரவியல் பூங்கா: புல்வெளியை ஏன் மூடுகிறார்கள், பூ எப்போது பூக்கும், இ-பாஸ் எதை எண்ணுகிறது?

கோடையில் ஊட்டிக்குப் போய்த் திரும்புபவர்களிடம் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே மாதிரியான குறைகள் கேட்கின்றன. "பெரிய புல்வெளியில் கால் வைக்கவே விடவில்லை." "மார்ச் கடைசியில் போனோம், பாத்தியெல்லாம் நாற்றுதான், பூவைக் காணோம்." "இ-பாஸ் எடுத்துத்தானே எல்லாரும் வருகிறார்கள், பிறகு ஏன் பூங்காவுக்குள் நிற்க இடமில்லை?"

மூன்றும் நியாயமான கேள்விகள். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே காரணம். சுமார் 55 ஏக்கர், அதாவது 22 ஹெக்டேர் பரப்புள்ள அந்த அரசுத் தாவரவியல் பூங்கா, ஒரே நிலத்தில் மூன்று வேலை செய்கிறது. அரிய மரங்களைக் காப்பது ஒன்று, பூக்களைக் காட்சிக்கு வைப்பது இன்னொன்று, மலைக்கு வருகிற குடும்பங்களுக்கெல்லாம் உட்காரவும் ஓடியாடவும் மைதானமாக இருப்பது மூன்றாவது. இவற்றில் ஒன்றுக்கு நல்லதாக அமைவது பெரும்பாலும் மற்றொன்றைப் பாதிக்கிறது. அங்கே பார்வையாளர் சந்திக்கும் தடைகளில் பெரும்பாலானவை இந்த மோதலிலிருந்து பிறந்தவை.

தாவரவியல் பூங்கா என்றால் என்ன

நகராட்சிப் பூங்காவில் ஒரு மரம் பட்டுப்போனால் வேறொன்றை நட்டுவிடலாம். நிழல் கிடைத்தால் போதும். தாவரவியல் பூங்காவில் அப்படி முடியாது. அங்கே வளரும் ஒவ்வொரு செடிக்கும் ஒரு பதிவு இருக்க வேண்டும்: எந்த இனம், எங்கிருந்து வந்தது, எந்த ஆண்டு நடப்பட்டது, விதையாக வந்ததா, பதியனாக வந்ததா. ஆய்வு, பாதுகாப்பு, கல்வி, காட்சி ஆகியவற்றுக்காக இப்படிப் பதிவு செய்யப்பட்ட உயிருள்ள தாவரங்களின் தொகுப்பை வைத்திருக்கும் நிறுவனத்தையே உலகெங்கும் தாவரவியல் பூங்காவாகக் கொள்கிறார்கள். மரத்தில் மாட்டியிருக்கும் சிறிய பெயர்ப்பலகை அந்தப் பதிவின் வெளியே தெரியும் நுனி. பலகை விழுந்து பதிவும் தொலைந்துவிட்டால், மரம் உயிரோடு இருந்தாலும் சேகரிப்பு என்ற அளவில் அதன் மதிப்பில் பெரும்பகுதி போய்விடுகிறது.

ஊட்டிப் பூங்கா இந்த நோக்கத்தோடு தொடங்கியதல்ல. 1840-களின் நடுவில் அங்கு குடியிருந்த ஐரோப்பியர்கள் மாதச் சந்தா போட்டுக் காய்கறி பயிரிட்ட தோட்டம் அது. பிறகு அதைத் தோட்டக்கலைப் பூங்காவாக மாற்ற முடிவாகி, லண்டன் கியூ பூங்காவில் பயிற்சி பெற்ற வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் 1848-ல் வந்து சேர்ந்தார். கொய்னா மருந்து தரும் சின்கோனா மரத்தில் பட்டை உரித்த இடத்தைப் பாசி வைத்து மூடி, மறுபடி பட்டை வளரச் செய்த முறைக்காகவும் அவரை நீலகிரி வரலாறு நினைவில் வைத்திருக்கிறது. அவர் கைக்கு வந்தபோது இந்த நிலத்தின் மேல்பகுதி செங்குத்தான காடாகவும், கீழ்ப்பகுதி சதுப்பாகவும் இருந்தது. தொட்டபெட்டாவின் சரிவில் வழியும் நீர் இறங்கிவரும் இடம் கீழ்ப்பகுதிதான். இதை மனதில் வைத்துக்கொண்டால் புல்வெளியின் கதை எளிதில் விளங்கும்.

இன்று பூங்காவைத் தமிழ்நாடு அரசின் தோட்டக்கலைத் துறை நிர்வகிக்கிறது. கீழ்ப்பூங்கா, புதுப்பூங்கா, இத்தாலியன் பூங்கா, கண்ணாடி மாளிகை, பெரணி இல்லம், நாற்றங்கால் என்று பல பகுதிகள் உண்டு. கார்க் மரம், காகிதப்பட்டை மரம், குரங்கு ஏற முடியாதபடி கூரிய இலைகள் மூடிய 'மங்கி பசில்' மரம், கல்லாகிப்போன பழங்கால மரத்துண்டு ஆகியவையும் உள்ளே இருக்கின்றன. வருகிறவர்களில் பெரும்பாலோர் இவற்றைத் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்பது வருத்தத்துக்குரியது. பூக்கள் ஒரு பருவத்துக்கு வந்து போகிறவை. மரங்கள் தலைமுறைகளைக் கடந்து நிற்பவை.

காலடியில் மண்ணுக்கு என்ன நடக்கிறது

"புல்லில் நடந்தால் புல் மிதிபடும், அவ்வளவுதானே, மறுபடி வளராதா?" என்பது பலரின் எண்ணம். மிதிபட்ட புல் வளர்ந்துவிடும். ஆனால் சேதம் நடப்பது புல்லுக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில்.

நல்ல தோட்டத்து மண் பதமாக வெந்த இட்லி போன்றது. அதன் கனஅளவில் ஏறக்குறைய பாதிதான் திடப்பொருள், மீதி துளைகள். பெரிய துளைகளில் காற்றும், சிறிய துளைகளில் நீரும் இருக்கும். வேர் உயிர் வாழ இரண்டும் தேவை. காலடி இந்த அமைப்பைக் குலைப்பது படிப்படியாக நடக்கிறது.

1. நடக்கும்போது உடலின் முழு எடையும் ஒரு நேரத்தில் ஒரு காலில், அதிலும் முதலில் குதிகாலில் இறங்குகிறது. அந்த அழுத்தத்தில் முதலில் நசுங்குபவை பெரிய துளைகள். மண்ணில் காற்று புகும் வழி அவைதான்.

2. காற்று குறைந்தால் வேர் சுவாசிக்கத் திணறும். மண்ணைப் பொலபொலவென்று வைத்திருக்கும் மண்புழுவும் நுண்ணுயிர்களும் குறையும்.

3. பெரிய துளைகள் அடைபட்டதால் மழைநீர் உள்ளே இறங்காமல் மேலே தேங்கும், அல்லது சரிவில் வழிந்து மேல்மண்ணை அரிக்கும். தேங்கிய இடம் சேறாகும்.

4. ஈரமண் காய்ந்த மண்ணைவிட மிக எளிதாக நசுங்கும். எனவே சேறான இடத்தில் அடுத்து நடக்கும் கால்கள் முன்னதைவிட அதிகச் சேதம் செய்யும். சேற்றைத் தவிர்க்க மக்கள் ஓரமாக ஒதுங்கி நடப்பார்கள். ஒற்றையடித் தடம் அகலமாகிக்கொண்டே போகும்.

5. மேல்மண் இறுகியபின் புல் வேர் ஆழமாகப் போகாது. மேலோட்டமாக வேர்விட்ட புல் சில நாள் வெயிலிலேயே வாடும். வாடிய இடத்தில் வெறும் மண் தெரியும். வெறும் மண் இன்னும் வேகமாக இறுகும்.

முன்பு சதுப்பாக இருந்த தாழ்வான நிலத்தில் நான்காவது படி எத்தனை எளிதில் நடக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஊட்டியின் கோடை சீசனான ஏப்ரல், மே மாதங்கள் கோடைமழை பெய்யும் மாதங்களும்கூட. கூட்டம் மிகுதியாக இருக்கும் நாட்களும் மண் ஈரமாக இருக்கும் நாட்களும் ஒன்றாக வந்து விழுகின்றன.

மரங்களுக்கு ஆபத்து இதைவிடப் பெரிது. மரத்தின் வேர் எங்கோ ஆழத்தில் பத்திரமாக இருக்கிறது என்று நினைக்கிறோம். தாங்கும் வேர்கள் ஆழமாகப் போகலாம். நீரையும் சத்தையும் உறிஞ்சும் மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மேல் ஓரடி, ஒன்றரை அடி மண்ணுக்குள்தான் இருக்கிறது. அவை கிளைகளின் நிழல் விழும் வட்டத்தையும் தாண்டிப் பரவியிருக்கும். மரத்தடியில் நின்று படம் எடுத்துக்கொள்வதால் அந்த நிமிடம் எதுவும் ஆகிவிடாது. ஆண்டுக்கணக்கில் ஆயிரக்கணக்கானோர் அதே இடத்தில் நிற்கும்போது மரம் மெதுவாக மூச்சுத் திணறுகிறது. உச்சிக் கிளைகள் காய்வதும், இலைகள் சிறுப்பதும் தெரியவருவதற்குள் பல ஆண்டுகள் கடந்திருக்கும். அப்போது நோய் என்றும் பூச்சி என்றும் காரணம் தேடுவார்கள்.

கியூ பூங்காவின் ஒரு கருவாலி மரம் கற்றுக்கொடுத்தது

இந்த விஷயத்தை உலகத்தின் கண்ணுக்குக் காட்டியது, மெக்ஐவர் பயிற்சி பெற்ற அதே கியூ பூங்காவில் நடந்த ஒரு விபத்து. 1798-ல் நடப்பட்ட 'டர்னர் கருவாலி' (டர்னர் ஓக்) என்ற மரம் 1980-களில் நலிந்துகொண்டிருந்தது. காரணம் பிடிபடவில்லை. 1987 அக்டோபர் 16 அதிகாலை தெற்கு இங்கிலாந்தைத் தாக்கிய பெரும்புயல் கியூவில் மட்டும் சுமார் 700 மரங்களைச் சாய்த்தது. இந்தக் கருவாலியை அது வேர்த்தட்டோடு தூக்கி, மறுபடி அதே குழியில் இறக்கிவிட்டது. விழுந்த மரங்களை அகற்றும் வேலை மலைபோல் இருந்ததால், இதற்கு முட்டுக்கொடுத்து, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தார்கள்.

சுமார் மூன்று ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது மரம் முன்பு இல்லாத செழிப்போடு துளிர்த்திருந்தது. அங்கு மரங்களுக்குப் பொறுப்பாக இருந்த டோனி கிர்க்கமும் குழுவினரும் காரணத்தைப் புரிந்துகொண்டார்கள். பல தலைமுறைப் பார்வையாளர்களின் காலடியில் வேர்ப்பகுதி மண் இறுகியிருந்தது. புயல் அதைக் குலுக்கித் தளர்த்தி, காற்றை உள்ளே விட்டிருக்கிறது. அதன்பிறகு கியூவில் முதிர்ந்த மரங்களின் அடியில் வட்டமாகப் புல்லை நீக்கி, மரச்சில்லுகளை மூடாக்காகப் பரப்புவதும், அழுத்தப்பட்ட காற்றை வேர்மண்ணுக்குள் செலுத்தி இறுக்கத்தைத் தளர்த்துவதும் வழக்கமாயின. பல நாடுகளின் மரப்பராமரிப்பாளர்கள் இப்போது இதைச் செய்கிறார்கள்.

ஊட்டியில் சீசனுக்கு முன்பு பெரிய புல்வெளியை மூடி, மண்ணைக் கிளறி, உரமிட்டு, வெறுமையான இடங்களில் புல் பதிப்பதும், கூட்டம் ஓய்ந்தபின் மறுபடி மூடுவதும் இதே நோய்க்கான சிகிச்சைதான். மூடும் முடிவை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் மூடப்பட்ட புல்வெளியின் முன் வெறும் 'உள்ளே செல்லாதீர்கள்' பலகை போதாது. ஏன் மூடியிருக்கிறது, எப்போது திறக்கும் என்று இரண்டு வரி எழுதிவைத்தால் பெரும்பாலோர் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்வார்கள். கோவையிலிருந்தும் கேரளத்திலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் பிள்ளைகளோடு வருபவர்கள், காரணம் சொன்னால் கேட்டுக்கொள்கிறவர்கள்தான்.

மே மாதப் பூவுக்குப் பனிக்காலத்திலேயே வேலை தொடங்குகிறது

மலர் கண்காட்சி 1896 முதல் நடந்துவருகிறது. 2020, 2021 ஆண்டுகளில் கொரோனாவால் பார்வையாளர்கள் இல்லாமல் பூக்கள் பூத்து ஓய்ந்தன. கண்காட்சி வழக்கமாக மே மாதம் நடக்கும். பாத்திகளில் பல லட்சம் நாற்றுகள், மாடங்களில் பல்லாயிரக்கணக்கான தொட்டிகள். பெட்டூனியா, பேன்சி, சால்வியா, டையாந்தஸ், மேரிகோல்டு, டேலியா, பிகோனியா என்று ஒவ்வொன்றுக்கும் விதைத்த நாளிலிருந்து பூக்கும் நாள்வரை வெவ்வேறு கால அளவு. எல்லாம் ஒரே வாரத்தில் மலர வேண்டுமென்றால், மே மாதத்திலிருந்து பின்னோக்கி எண்ணி, நீண்டநாள் எடுப்பவற்றை முதலிலும் குறுகியகாலச் செடிகளைக் கடைசியிலும் விதைக்க வேண்டும். விதைப்பும் தொட்டி நிரப்புதலும் பனிக்காலத்திலேயே தொடங்கிவிடுகின்றன. எனவே பிப்ரவரி, மார்ச்சில் வருபவர் பார்ப்பது நாற்றுகளைத்தான். ஏமாற்றமாக இருந்தாலும் அது பூங்காவின் குறையல்ல.

இந்தக் கணக்கின் எதிரி உறைபனி. நவம்பர் முதல் பிப்ரவரி வரை மேகமில்லாத, காற்றில்லாத இரவுகளில் தரை தன் சூட்டை வானத்துக்கு இழந்துவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது என்பதால் சரிவில் இறங்கித் தாழ்வான இடத்தில் தங்குகிறது. புல்வெளி அதிகாலையில் வெள்ளை விரித்ததுபோல் ஆவது இதனால்தான். இளஞ்செடியின் திசுக்களில் இருக்கும் நீர் உறைந்து, வெயில் ஏறியதும் இலை கருகுகிறது. பூங்காத் தொழிலாளர்கள் இதற்கு இரண்டு வழி வைத்திருக்கிறார்கள். கோத்தகிரி மிலார் செடியின் கிளைகளைக் கொண்டுவந்து மாலையில் நாற்றுகளை மூடுவது ஒன்று. தரையின் சூடு நேராக வானத்துக்குப் போவதை அந்த மூடல் தடுக்கிறது. அதிகாலையில் தண்ணீர் தெளித்து, வெயில் படுவதற்குள் பனியைக் கரைப்பது மற்றொன்று. மே மாதம் மாடத்தின் முன் நின்று படம் எடுக்கும் ஒவ்வொருவரும், உறைபனி இரவுகளில் அந்தச் செடிகளைக் காத்த கைகளுக்குக் கடன்பட்டிருக்கிறார்கள்.

கண்காட்சி நாட்களில் பார்க்கும் பெரிய மலர் உருவங்கள் வேறு வகை. அவை பெரும்பாலும் கார்னேஷன் போன்ற கொய்மலர்களால் ஆனவை. பசுமைக்குடில்களிலிருந்து வந்தவை, சில நாட்களில் வாடிவிடும். தொட்டிச் செடிகள் வேரோடு இருப்பதால் அதைவிட நீண்ட நாள் தாங்கும். ஆகவே மலர் உருவம்தான் பார்க்க வேண்டும் என்பவர்கள் கண்காட்சித் தேதிகளுக்குள் போக வேண்டும். பூக்களைப் பார்த்தால் போதும் என்பவர்கள் கண்காட்சி முடிந்தபின்னுள்ள வார நாட்களில் போகலாம். கண்காட்சி நாட்களில் நுழைவுக் கட்டணம் கூடுதலாக இருப்பதும் உண்டு. செப்டம்பர், அக்டோபரில் வரும் இரண்டாம் சீசனுக்கும் தனியாக நடவு நடக்கிறது. அப்போது கூட்டமும் குறைவு.

இ-பாஸ் எதை எண்ணுகிறது

குழப்பம் அதிகமாக இருப்பது இதில்தான். மூன்று தனித்தனி விஷயங்கள் ஒன்றாகக் கலந்து பேசப்படுகின்றன.

1. இ-பாஸ். நீலகிரி மாவட்டத்துக்குள் நுழையும் வாகனத்துக்கானது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்தது. கொடைக்கானலுக்கும் இதே ஏற்பாடு. முதலில் யாரெல்லாம் வருகிறார்கள் என்று எண்ணுவதற்கே இது வந்தது. 2025 கோடைக்கு நீதிமன்றம் உச்சவரம்பும் வைத்தது. நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 சுற்றுலா வாகனங்கள். அரசுப் பேருந்து, ரயிலில் வருபவர்களும், உள்ளூர் வாகனங்களும், விளைபொருள் ஏற்றும் வண்டிகளும் இந்த வரம்புக்குள் வரவில்லை.

2. பூங்கா நுழைவுச்சீட்டு. இது தோட்டக்கலைத் துறையுடையது. இ-பாஸுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

3. பிளாஸ்டிக் தடை. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக், குடிநீர் பாட்டில் உட்பட, நீலகிரி முழுவதற்கும் பொருந்தும். சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துக்கொள்வது இதனால்தான்.

இப்போது ஒரு எளிய கணக்கு. ஒரு வண்டிக்கு நான்கு பேர் என்று வைத்துக்கொண்டால், 8,000 வாகனங்கள் என்பது 32,000 பேர். பேருந்திலும் மலை ரயிலிலும் வருபவர்கள் இதற்கு மேல். முதல்முறை ஊட்டி வருபவர் தாவரவியல் பூங்காவைப் பார்க்காமல் திரும்புவது அரிது. காலை உணவு முடித்து 10 மணிவாக்கில் புறப்படுவதும் எல்லாருக்கும் பொது. இ-பாஸ் மாவட்டத்தின் சாலைகளுக்கு மூச்சு விடக் கொஞ்சம் இடம் கொடுக்கலாம். ஆனால் காலை 11 மணிக்குப் புல்வெளியில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதை அது கட்டுப்படுத்தாது. சாலையின் கொள்ளளவும் பூங்காவின் கொள்ளளவும் வெவ்வேறு. மலைப்பகுதி எவ்வளவு பேரைத் தாங்கும் என்று ஆராயும் பொறுப்பு சென்னை ஐஐடிக்கும் பெங்களூரு ஐஐஎம்முக்கும் தரப்பட்டது. அந்த அளவீடு சாலை, தண்ணீர், குப்பை என்பதோடு நின்றுவிடாமல், பூங்கா மண்ணையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை

1. கதவு திறக்கும் நேரத்திலேயே போய்விடுங்கள். கூட்டம் சேர்வதற்குள் மேல்பகுதிகளை முடித்துக்கொண்டு இறங்கலாம். நிலம் படிப்படியாக ஏறுவதால், முட்டிவலி உள்ள பெரியவர்களைக் கீழ்ப்பூங்காவில் உட்காரவைத்துவிட்டு மற்றவர்கள் ஏறுவது நல்லது. கடல்மட்டத்திலிருந்து 2,250 மீட்டருக்கு மேல் இருக்கும் இடம், சமவெளியிலிருந்து நேரே வருபவருக்கு மூச்சு வாங்கும்.

2. மழை பெய்திருந்தால், திறந்திருக்கும் புல்வெளியிலும்கூடப் பாதையிலேயே நடங்கள்.

3. மரத்தின் பட்டையில் பெயர் செதுக்காதீர்கள். பட்டைக்கு உடனே கீழே ஓடும் மெல்லிய படலம்தான் இலையில் தயாராகும் உணவை வேருக்குக் கொண்டுபோகிறது. வெட்டு அதைத் துண்டிக்கிறது, பூஞ்சைக்கு வாசல் திறக்கிறது.

4. பூங்காவின் மேல்முனையில் தோடர் பழங்குடியினரின் மஞ்சக்கல் மந்து (குடியிருப்பு) இருக்கிறது. அது காட்சிப்பொருள் அல்ல. மக்கள் வாழும் இடம், வழிபடும் இடம். அனுமதி கேட்காமல் படம் எடுப்பதும், கோயிலை நெருங்குவதும் கூடாது. பூங்கா உருவாவதற்கு முன்பே இந்த மலையில் எருமை மேய்த்து வாழ்ந்தவர்கள் அவர்கள்.

நிர்வாகம் செய்யக்கூடியது

படப்பிடிப்புக்கு ஏப்ரல் முதல் ஜூன் வரை அனுமதி மறுப்பது ஏற்கெனவே உள்ள நல்ல வழக்கம். அதே துணிவோடு இன்னும் சிலவற்றைச் செய்யலாம். மே மாத வார இறுதிகளில் மட்டுமாவது நேரம் குறித்த நுழைவுச்சீட்டு கொடுத்துப் பார்க்கலாம். காலை, நண்பகல், மாலை என்று பிரித்தாலே 11 மணி நெரிசல் தணியும். இணையம் பழகாதவர்களுக்காக ஒரு பங்குச் சீட்டைக் கவுன்ட்டரில் வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் பேருந்தில் வரும் ஏழைக் குடும்பம்தான் முதலில் வெளியே நிற்கும். பழைய மரங்களைச் சுற்றி மூடாக்கு வட்டமும் தாழ்ந்த வேலியும் போடுவதற்குப் பெரிய செலவில்லை. புல்வெளியை மொத்தமாகத் திறப்பது, மொத்தமாக மூடுவது என்பதற்குப் பதிலாக, பகுதி பகுதியாகச் சுழற்சியில் ஓய்வு கொடுத்தால் எந்த நாளிலும் பிள்ளைகள் ஓட ஓரிடம் மிஞ்சும். பலத்த மழைக்கு மறுநாள் கீழ்ப்பகுதிப் புல்வெளியை மூடிவைப்பது எல்லாவற்றுக்கும் முதலில் வர வேண்டும். அந்த ஒரு நாளின் காலடிகள் செய்யும் சேதத்தைச் சரிசெய்யத்தான் பிறகு பல வாரங்கள் மூட வேண்டியிருக்கிறது.